வீட்டுத் தோட்டத்துக்கு மூங்கில்: இனத்தின் பெயர் தெரிந்து வாங்குவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகமலை புதுக்கோட்டை, திருப்பாலை, ஊமச்சிகுளம் என மதுரையின் புறநகர்ப் பகுதிகளில் புதிதாக வீடு கட்டுவோர் பலர், தெருப்புழுதியையும் மேற்கு வெயிலையும் மறைப்பதற்காகக் காம்பவுண்டு சுவரை ஒட்டி மூங்கில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது வரவேற்க வேண்டிய வழக்கம். ஆனால் எந்த இனம் என்று விசாரிக்காமல் நர்சரியில் கொடுத்த கன்றை வாங்கிவந்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நட்டுவிடுகிறார்கள். ஆள் உயரத்தில் கத்தரித்து வேலியாக நிறுத்தக்கூடிய மூங்கிலும் உண்டு, நூறு அடி வரை ஓங்கக்கூடிய மூங்கிலும் உண்டு. விதையில் முளைத்த கன்றுகளாகப் பையில் நிற்கும்போது எல்லாமே மெல்லிய புல்லாகத்தான் தெரியும்.

மூங்கில் வளரும் விதத்தை அறியாததால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன. மற்ற மரங்களைப் போல மூங்கில் கழி ஆண்டுதோறும் பருப்பதில்லை. மண்ணைப் பிளந்துகொண்டு வரும்போது குருத்துக்கு என்ன பருமன் இருக்கிறதோ, அதுவே அந்தக் கழியின் பருமன். சில மாதங்களில் அது தன் முழு உயரத்தையும் எட்டிவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் விரல் பருமனுள்ள கழிகள் வருவதைப் பார்த்து, இது இவ்வளவுதான் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்கிறார். மண்ணுக்குள் கிழங்கு வலுப்பெற வலுப்பெற, அடுத்தடுத்த மழைக்காலங்களில் வரும் குருத்துகள் முந்தையவற்றைவிடத் தடித்தும் உயர்ந்தும் எழும்பும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மின்கம்பியை உரசும் அளவுக்கு நிற்கும்போது, அந்தத் தூரைத் தோண்டி எடுப்பதற்கு ஆள்கூலி மட்டுமே கன்றின் விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும்.

நம் மலைச்சரிவுகளில் இயல்பாக வளரும் முள்மூங்கிலை வீட்டில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் அடிக்கணுக்களில் வளைந்த முட்கள் பின்னிக்கொண்டு, உள்ளே கை நுழைக்க முடியாத புதராகிவிடும். காய்ந்த கழியை அகற்ற முடியாது, சருகைக் கூட்ட முடியாது. அத்தகைய புதருக்குள் பாம்பு தங்கினால் கண்டுபிடிப்பதும் கடினம்.

அடுத்ததாக எல்லோரையும் ஈர்ப்பது மஞ்சள் மூங்கில். மஞ்சள் கழியில் பச்சைக் கோடுகள் தீட்டியதைப் போல ஓடும் அழகுக்காகவே வாங்குகிறார்கள். முள் இல்லை என்பது உண்மை. ஆனால் பாம்பூசா வல்காரிஸ் என்ற இனத்தைச் சேர்ந்த இது முப்பது முதல் அறுபது அடி வரை உயரக்கூடியது. குருத்தை மூடியிருக்கும் பாளையில் கரும்பழுப்புச் சுணை அப்பியிருக்கும். கையில் பட்டால் அரிக்கும். கால் ஏக்கர் தோட்டத்தின் மூலையில் இதை வைக்கலாம். மூன்று சென்ட் மனையில் வீடு போக மிஞ்சும் இடத்தில் இதற்கு வழியில்லை.

சிறிய மனைக்கு நான் பரிந்துரைப்பது வேலி மூங்கில் எனப்படும் பாம்பூசா மல்டிபிளெக்ஸ். முள் கிடையாது, இலை சிறியது, தூர் நெருக்கமாக இருக்கும், கத்தரியைத் தாங்கும். விட்டுவிட்டால் இருபது அடிக்கு மேலும் போகும் என்றாலும், ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரித்தால் ஆறேழு அடியில் அடர்த்தியான மறைப்பாக நிற்கும். மூன்றடிக்கு ஒரு கன்றாக, சுவரிலிருந்து மூன்று நான்கு அடி உள்வாங்கி நட வேண்டும். சுவருக்கும் தூருக்கும் இடையே ஒருவர் நுழைந்து வேலை செய்ய இடம் இருந்தால்தான் அந்தப் பக்கம் வரும் குருத்துகளை அப்போதைக்கப்போது ஒடிக்க முடியும். தொட்டியில்தான் வளர்க்க முடியும் என்பவர்களுக்குக் கணுவிடை உப்பிய புத்தர் வயிற்று மூங்கில் பொருந்தும். அதைத் தரையில் இறக்கினால் உப்பல் குறைந்து உயரமாகப் போய்விடும்.

இணையத்தில் படம் பார்த்து 'கோல்டன் பாம்பூ' கேட்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். இந்தப் பெயரில் மேற்சொன்ன மஞ்சள் மூங்கிலும் விற்கப்படுகிறது, பில்லோஸ்டாகிஸ் என்ற வேறு இனமும் விற்கப்படுகிறது. முதலாவது தூர்கட்டி நிற்பது. இரண்டாவது மண்ணுக்கடியில் கிழங்கை நீளமாக ஓடவிட்டுப் பல அடி தள்ளி முளைப்பது. குளிர்ந்த பகுதிகளுக்குரிய அந்த இனம் மதுரையின் சித்திரை வெயிலில் செழிப்பது அரிது. கொடைக்கானல் போன்ற இடத்தில் அது நன்றாக ஓடிப் பக்கத்து மனைக்குள் போய்விடும்.

உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் மானாவாரி நிலத்தின் வரப்பில் வைக்க விரும்புவோருக்குக் கல்மூங்கிலே ஏற்றது. உள்துளை மிகக் குறைவாக, சில கழிகளில் இல்லாமலேயே இருப்பதால் கம்புக்கும் கைப்பிடிக்கும் உகந்தது, வறட்சியையும் தாங்கும். ஆனால் நீர் தேங்கினால் தாங்காது. ஆகையால் திருமங்கலம் பகுதிக் கரிசல் மண்ணில் மேடு கட்டித்தான் நட வேண்டும்.

கன்று விதையிலிருந்து வந்ததா, பழைய தூரிலிருந்து பிரித்ததா என்றும் கேட்பது நல்லது. முள்மூங்கில், கல்மூங்கில் போன்றவை பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, அரிசி உதிர்த்துவிட்டுப் பட்டுப்போகும். பூக்கும் காலத்தை நெருங்கிய தூரிலிருந்து பிரித்த கன்றுக்குத் தாயின் வயதே கணக்கு.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி மாதங்களே உகந்தவை. ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். இரண்டடிக் குழி, மட்கிய சாணம், கோடையில் தவறாத தண்ணீர் ஆகியவை போதும். விழும் சருகைக் கொளுத்தாமல் தூரிலேயே மூடாக்காகப் போட்டுவிட வேண்டும். மூன்று வயதைக் கடந்த கழிகளை மழை ஓய்ந்த பிறகு தரைக்கு மேல் முதல் அல்லது இரண்டாம் கணுவை ஒட்டி வெட்டலாம். இளங்கழிகளைத் தொடக் கூடாது.

வெட்டுவதற்கு அனுமதி வேண்டுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் மரம் என்ற வரையறைக்குள் இருந்த மூங்கில், 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. காட்டுக்கு வெளியே சொந்த நிலத்தில் வளர்ப்போருக்கு நிம்மதி அளிப்பதற்காகவே அந்தத் திருத்தம் வந்தது.

மாம்பழ ஒட்டுக் கன்று வாங்கும்போது அல்போன்சாவா, இமாம்பசந்தா என்று கேட்டு வாங்குகிறோம், விற்பவரும் சொல்கிறார். மூங்கிலுக்கும் இனத்தின் பெயர், முழு உயரம், முள் உண்டா இல்லையா என்ற மூன்று விவரங்களையாவது ஒவ்வொரு கன்றிலும் அட்டையாகக் கட்டித் தர வேண்டும் என நர்சரி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டக்கலைத் துறையும் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியும் இணைந்து, வேலி மூங்கில், மஞ்சள் மூங்கில், கல்மூங்கில் ஆகியவற்றின் முழு வளர்ச்சி பெற்ற தூர்களைப் பொதுமக்கள் நேரில் பார்த்துத் தெரிவுசெய்ய, ஆவணிக்கு முன்பாக ஏற்பாடு செய்தால் இந்தப் பருவத்தில் நடுவோருக்கே அது பயன்படும்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்ட ஆர்வலர் ஒருவர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.