ஐரோப்பாப் பயணத்தில் மதியச் சாப்பாட்டை ஏன் நீக்கினோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் மே மாத ஐரோப்பாப் பயணத்தின் விவரத்தாள் உங்கள் கைக்கு வந்திருக்கும். பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பலர் போன் செய்தார்கள். ஏழு நாடுகள் ரோம், வியன்னா, பாரிஸ் என்று மூன்று ஊர்களாகச் சுருங்கியதைப் பற்றி அதிகம் பேர் கேட்கவில்லை. "மதியச் சாப்பாடு ஏன் இல்லை?" என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. போனில் இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாததால் இந்த மடலை எழுதுகிறோம்.

கடந்த பயணத்தில் ரோமில் நடந்தது இது. கொலோசியத்தைப் பார்த்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு. பழைய நகருக்குள் சுற்றுலாப் பேருந்துகளுக்குக் கட்டுப்பாடு அதிகம் என்பதால் வெயிலில் பேருந்து வரை நடந்தோம். அங்கிருந்து ஊருக்கு வெளியே இருந்த இந்திய உணவகத்துக்குப் போய், முந்தின இரவு சாப்பிட்ட அதே பனீர் மசாலாவையும் சீரகச் சோற்றையும் சாப்பிட்டுத் திரும்பினோம். மூன்று மணி நேரம் போய்விட்டது. திரும்பும் வழியில் ஓர் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இந்த ஊர்க்காரங்க மத்தியானம் என்ன சாப்பிடுவாங்க?" எங்கள் வழிகாட்டிக்குப் பதில் தெரியும். காட்டத்தான் நேரமில்லை. லட்சக்கணக்கில் பணம் கட்டி அவ்வளவு தூரம் வந்தவருக்கு அந்தப் பதிலைக் காட்டாமல் அழைத்து வந்தது எங்கள் தவறு என்று எங்களுக்குப் பட்டது.

அதனால்தான் மதிய வேளையை உங்கள் கையில் கொடுத்திருக்கிறோம். அதற்காகப் பிடித்துவந்த தொகையைக் கட்டணத்தில் குறைத்துவிட்டோம். காலை உணவு ஓட்டலிலேயே உண்டு. இரவு உணவும் எங்கள் பொறுப்பு. மதியம் வழிகாட்டி கூடவே இருப்பார், தனியாகப் போக விரும்புகிறவர்கள் போகலாம். எங்கே, எப்படிச் சாப்பிடுவது என்பதை இனிச் சொல்கிறோம்.

ரோமில் காபியிலிருந்தே தொடங்கலாம். அங்கே 'பார்' என்றால் காபிக்கடை. நம் ஊர் டீக்கடை போல நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகிற இடம். பல கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்டி, சீட்டை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போக வேண்டும். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை, அதிலும் சதுக்கத்தைப் பார்த்த மேசை என்றால் இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் வரும். பால் காபி வேண்டுமென்றால் 'காஃபே லாத்தே' என்றோ 'கப்புச்சீனோ' என்றோ கேளுங்கள். ஊர்க்காரர்கள் கப்புச்சீனோவைக் காலையில் மட்டுமே குடிப்பார்கள். மாலையில் கேட்டாலும் தருவார்கள், கூச்சப்பட வேண்டாம்.

தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தெருவோரத்தில் இடுப்பளவு உயரத்தில் இரும்புக் குழாய்த்தூண்கள் ஓயாமல் நீர் கொட்டிக்கொண்டிருக்கும். வளைந்த மூக்கு போன்ற குழாய் என்பதால் 'நாசோனி', அதாவது பெரிய மூக்குகள் என்று பெயர். 1874 முதல் இருக்கின்றன, ஊர் முழுக்க ஏறக்குறைய 2,500. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாக நீர் வளைந்து பீறிட்டு வரும், அப்படியே வாய் வைத்துக் குடிக்கலாம். நல்ல குளிர்ந்த நீர். ஆளுக்கு ஒரு காலி பாட்டில் மட்டும் எடுத்து வாருங்கள்.

மதியத்துக்கு 'பீட்சா அல் தாலியோ' கடைகளைப் பரிந்துரைக்கிறோம். பெரிய செவ்வகத் தட்டுகளில் பீட்சா இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு, காகிதத்தில் மடித்துத் தருவார்கள். உட்கார்ந்து சாப்பிட விரும்பினால் குடும்பம் நடத்தும் சின்ன உணவகங்களுக்குப் போகலாம். அவற்றில் பல மூன்று மணிக்கு அடைத்துவிட்டு இரவு ஏழரைக்குத்தான் திறக்கும், நேரம் பார்த்துப் போங்கள். ரசீதில் தலைக்கு இரண்டு மூன்று யூரோ கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். ரொட்டிக்கு வாங்கும் வழக்கமான காசு அது. அங்கே 'சிகோரியா' என்று ஒரு கீரை கிடைக்கும். வேகவைத்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கித் தருவார்கள். ஊரை விட்டு வந்த மூன்றாம் நாள் அதைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களிடம் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்க்கிறார்கள். ரோமின் பெகொரீனோ பாலாடைக்கட்டியில் ஆட்டுக்குட்டியினுடையது. பாஸ்தாவின் மேல் தூவித் தருவது பெரும்பாலும் இவைதான். பல ஆண்டுகளாக இதைச் சொல்லாமலேயே "சைவம்தான்" என்று பரிமாற விட்டிருக்கிறோம். இனி சொல்லாமல் இருக்க மாட்டோம். வேண்டாம் என்பவர்கள் 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ' என்று சொன்னால் பாலாடைக்கட்டி போட மாட்டார்கள். பீட்சாவில் 'மரினாரா' கேளுங்கள். பெயரில் கடல் இருந்தாலும் மீன் கிடையாது, தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும்தான். மாறாக, பார்க்க அப்பாவியாக இருக்கும் பூசணிப்பூப் பொரியலுக்குள் பாலாடைக்கட்டியோடு நெத்திலி வகை மீனும் இருக்கும்.

ரோமில் ஒரு காலைப்பொழுது தெஸ்தாச்சோ பகுதிக்கு ஒதுக்கியிருக்கிறோம். பழைய விவரத்தாள்களில் இந்த இடம் இருந்ததே இல்லை. அங்கே 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று உண்டு. மண் குன்று அல்ல, முழுக்க உடைந்த சாடிகளின் ஓடுகள். பழைய ரோமுக்குக் கப்பலில் வந்த ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளை, பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வந்தவை, காலியானதும் உடைத்து அடுக்கி அடுக்கி எழுந்த குன்று. அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியச் சாடி ஓடுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்கு, அந்த ஓடுகளின் உறவுக்காரர்கள் வீட்டுக்கே போன மாதிரி இருக்கும். பக்கத்திலேயே தெஸ்தாச்சோ சந்தை. காய்கறி, பழம், உட்கார்ந்து சாப்பிடச் சின்னச் சின்னக் கடைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் நாங்கள் வார நாளில் போகிறோம்.

ரோமிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில். படுக்கை வண்டி நமக்குப் புதிதில்லை. வியன்னாவில் சாப்பாட்டைவிடக் காபிக்கடைதான் முக்கியம். ரோமுக்கு நேர்மாறான பழக்கம்: 'மெலாஞ்ச்' என்ற பால் காபி ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் செய்தித்தாள் படிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். காபியோடு ஒரு தம்ளர் தண்ணீரும் தட்டில் வரும். அந்த நீர் 1873இல் போட்ட கால்வாய் வழியாக ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருவது. ஓட்டல் அறைக் குழாயிலும் அதே தரம்தான். இனிப்புக்கு 'கைசர்ஷ்மாரன்': முட்டை சேர்த்த தடித்த தோசையைப் பிய்த்துப் போட்டு, சர்க்கரை தூவி, பிளம் பழக் கூழோடு தருவார்கள். சூப்பில் மட்டும் சைவர்கள் கவனமாக இருங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம்.

பாரிஸில் எந்த உணவகத்திலும் 'ஊன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடி இலவசமாக வரும். 'தண்ணீர்' என்று பொதுவாகக் கேட்டால் பாட்டில் வரும், காசும் வரும். விலைப்பட்டியலில் இருக்கும் விலையிலேயே பரிமாறும் கூலி அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை 'போன்ஜூர்', அதாவது வணக்கம், ஆக இருக்கட்டும். அதைச் சொல்லாமல் நேரே "இது என்ன விலை" என்று கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

ரொட்டியை மட்டும் தவறவிடாதீர்கள். 'ட்ரடிசியோன்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பெயரில் விற்கும் ரொட்டியில் சேர்க்கை ரசாயனம் எதுவும் கூடாது, மாவை உறைய வைக்கவும் கூடாது என்று 1993இலேயே அரசாணை போட்டிருக்கிறார்கள். நகரின் சிறந்த பகெத் என்ற நீளமான ரொட்டிக்கு ஆண்டுதோறும் போட்டி உண்டு. முதல் பரிசு பெற்றவர் ஓராண்டுக்கு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். 2023இல் அந்தப் பரிசை வாங்கியவர் இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா. பரிசு கிடைத்தபோது அவர் நடத்திவந்த கடை 20ஆம் வட்டாரத்தில், பிரெனே தெருவில். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

பாரிஸில் இரண்டு இரவு உணவு லா ஷப்பேலில். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், 1980களில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. தமிழில் பெயர்ப்பலகை, கொத்து ரொட்டி, இடியப்பம், சொதி, முருங்கைக்காய் எல்லாம் உண்டு. மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். சோறு இல்லாமல் பத்து நாள் எப்படி என்று கவலைப்படும் பெரியவர்களுக்குச் சொல்கிறோம்: பயணத்தின் கடைசி ஊராகப் பாரிஸை வைத்ததே இதற்காகத்தான்.

அப்புறம், பெட்டி கட்டுவதைப் பற்றி. நெய், பால்கோவா, தயிர், இறைச்சி ஊறுகாய், கருவாடு வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது, கருவாட்டுக்குத் தனி விதிகள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் தாராளமாக எடுத்து வரலாம். வெந்நீர் குடிக்கிறவர்கள் சின்ன மின்கெண்டி ஒன்றைக் கொண்டுவந்தால் நிம்மதி.

உங்களுக்கு எது ஆகாது என்பதை விவரத்தாளின் கடைசிப் பக்கப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள். முட்டை, மீன், பாலாடைக்கட்டி, வெங்காயம், பூண்டு, நிலக்கடலை எதுவானாலும் சரி. அதை இத்தாலிய, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் அச்சிட்டு ஆளுக்கு ஓர் அட்டையாகப் புறப்படும் முன் தருவோம். கடையில் நீட்டினால் போதும். மதியச் சாப்பாடு சேர்ந்தே வேண்டும் என்று இன்னும் நினைக்கிறவர்கள் அதையும் அதே படிவத்தில் குறித்து அனுப்புங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் தனி ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
திருச்சி அலுவலகத்திலிருந்து உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்