மருந்துப் பட்டியலில் கை வைக்காதே

அன்புள்ள இளங்கோ,

அம்மாவும் நானும் நலம். ஈசூனில் மழை விட்டபாடில்லை; துணி காயவில்லை என்பதைத் தவிர வீட்டில் குறை ஒன்றுமில்லை.

நீ சொன்ன புதிய குறிப்புச் செயலியை அக்கா என் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தாள். போதுமான அளவு பழகிப் பார்த்துவிட்டேன். எனக்கு அது வேண்டாம். இப்படி ஒரு வரியில் சொல்லி நிறுத்தினால், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, புதியதென்றால் மிரள்கிறார் என்று நீங்கள் இருவரும் பேசி முடித்துவிடுவீர்கள். ஆகவே காரணங்களையும் கேட்டுக்கொள்.

வண்ண அட்டைகள், ஓரத்தில் மிதக்கும் ஒரு வட்டம், இழுத்து இழுத்து அடுக்கிக்கொள்ளும் வசதி என்று அக்கா அதை விவரித்தாள். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். பார்வையில்லாத என் காதுக்கு, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் வழியாக அது எப்படி வந்தது தெரியுமா? திறந்ததும் "பட்டன்". விரலை வலப்பக்கம் தள்ளினால் இன்னொரு "பட்டன்". அதற்கடுத்தது "பெயரிடப்படாத பட்டன்". மேல்வரிசை முழுவதும் இதே பாட்டு. அவற்றில் ஒன்று தேடுவதற்கு, ஒன்று பகிர்வதற்கு, ஒன்று குறிப்பையே அழிப்பதற்கு. எது எதுவென்று இருமுறை தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அழிக்கும் பட்டனையும் அப்படித் தட்டிப் பார்க்கச் சொல்கிறார்களா?

திரைவாசிப்பான் திரையில் உள்ள படத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. செயலி தன்னைப் பற்றி உள்ளே எழுதி வைத்திருக்கும் சொற்களைத்தான் வாசிக்கிறது. பட்டனில் படத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் பெயரை எழுதாமல் விட்டால், அது பாவம் என்ன செய்யும்? ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரைவாசிப்பானான டாக்பேக் 2009இலிருந்து இருக்கிறது. பட்டனுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது செயலி எழுதுபவர்களுக்குப் புதுச் செய்தி அல்ல. நாமே பெயர் சூட்டிக்கொள்ளும் வசதியும் டாக்பேக்கில் உண்டு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லச் சிலவற்றுக்குச் சூட்டினேன். எல்லாவற்றுக்கும் அது இடம் கொடுக்கவில்லை.

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எந்தப் பட்டன் எங்கே என்பது விரலுக்கு மனப்பாடமாகிவிடும். புதுக் குறிப்பு தொடங்கும் வட்டம் வலப்பக்கக் கீழ்மூலையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பட்டியல் முழுவதையும் கடந்து போகாமல் நேரே அந்த மூலையில் விரலை வைத்துவிடுவேன். பொறுக்க முடியாதது வேறொன்று. அந்தப் பட்டியல் ஓரிடத்தில் நிற்பதில்லை. கடைசியாகத் திருத்திய குறிப்பு தானாக மேலே ஏறிவிடும். நான் இங்கே தேக்கா சந்தையில் வாங்க வேண்டிய சாமான்களைத் தேடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருவேன். அதே நேரத்தில் நீ கப்பலிலிருந்து, நாம் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒரு குறிப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பாய். இரண்டு கைப்பேசிகளின் குறிப்புகளையும் ஒன்றுபோலாக்கும் ஒத்திசைவு நடக்கும், வரிசை மாறும், என் விரலுக்கடியில் இருந்தது நழுவிவிடும், குரல் மீண்டும் உச்சியிலிருந்து தொடங்கும். பார்வை உள்ளவருக்கு ஓர் அட்டை மேலே நகர்ந்தது தெரியும். எனக்கு, யாரோ புத்தகத்தைப் பிடுங்கி முதல் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததுபோல் இருக்கிறது.

இப்போது அம்மாவின் மருந்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

போன முறை பலதுறை மருந்தகத்தில் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் கூட்டினார். அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குப் பதிலாக 10 மில்லிகிராம். கையில் நிறைய 5 இருந்ததால், அது தீரும்வரை காலையில் இரண்டாகக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புதிய செயலியில் இருந்த பட்டியலைத் திருத்தினேன். அதே பட்டியலில் நீயும், அம்மா உப்பைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். நல்ல எண்ணம்தான். ஆனால் உன் கைப்பேசியில் அப்போது இணையம் இல்லை. உன்னிடம் இருந்தது பழைய பிரதி. அதில் மாத்திரை ஒன்று. உனக்கு இணைப்புக் கிடைத்ததும், யாருடைய திருத்தம் நேரத்தில் பிந்தியது என்று செயலி பார்த்தது. உன்னுடையது பிந்தியது. உடனே என் பட்டியலை முழுவதுமாக எடுத்துவிட்டு உன்னுடையதை வைத்துவிட்டது. உப்பு வரி வந்தது. இரண்டாவது மாத்திரை போனது.

மாத்திரைப் பெட்டியை நிரப்பும்போது "காலை ஒன்று" என்று கேட்டது. மருத்துவர் சொன்னது நினைவில் இருந்ததால் கையை நிறுத்தினேன். நினைவில்லாவிட்டால் குறைந்த அளவுதான் அம்மாவுக்குப் போயிருக்கும். பிறகு அக்கா பார்த்துவிட்டு, குறிப்பின் ஓரத்தில் 'மாற்றப்பட்டது' என்பதற்கு ஒரு சிறிய குறி இருக்கிறது என்றாள். அந்தக் குறிக்குக் குரல் கிடையாது. ஒத்திசைவு நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்ததா, தோற்றதா என்பதெல்லாம் அங்கே சுற்றும் ஒரு மேகப் படம்தான். நான் கேட்டது மௌனம். எல்லாம் சரியாக இருந்தாலும் அதே மௌனம்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. கப்பலில் இணையத்தை அளந்து கொடுக்கிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். இப்படிப்பட்ட மோதலை ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. பிந்தியதை வைத்துக்கொண்டு முந்தியதைத் தூக்கி எறிவது ஒரு விதம். இரண்டையும் கலந்து ஒன்றாக்கப் பார்ப்பது இன்னொரு விதம். ஜாப்ளின் என்ற செயலி, மோதிய பிரதியைத் தனி ஏட்டில் போட்டு வைத்து, நீயே பார்த்து முடிவு செய் என்று விட்டுவிடும். எதுவானாலும், ஒரே பட்டியலில் இரண்டு பேர் எழுதினால் என்றைக்காவது மோதத்தான் செய்யும்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் நான் கிடங்கு பார்த்த காலத்தில் ஒவ்வொரு தட்டிலும் 'பின் கார்டு' என்ற இருப்புக் கணக்கு அட்டை ஒன்று தொங்கும். சாமான் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் தேதி, அளவு, மீதி, கையெழுத்து. அதில் எழுதும் உரிமை கிடங்குக்காரனுக்கு மட்டும்தான். தலைமைப் பொறியாளரே வந்தாலும் சீட்டில் எழுதிக் கொடுப்பார். கார்டில் நான்தான் ஏற்றுவேன். அம்மாவின் மருந்துக் குறிப்பும் இனி அப்படித்தான். முதல் வரியில் தேதியும் நேரமும் என் பெயரும் இருக்கும். திறந்ததும் முதலில் காதில் விழுவது அதுதான், ஆகவே பிரதி பழையதா புதியதா என்று அங்கேயே தெரிந்துவிடும். நீ எதையாவது சேர்க்க விரும்பினால் 'இளங்கோ சொன்னவை' என்று ஒரு தனிக் குறிப்பு வைத்திருக்கிறேன், அதில் எழுது. நான் வாசித்து, வேண்டியதைப் பட்டியலில் ஏற்றிக்கொள்கிறேன். மருந்துப் பட்டியலில் மட்டும் கை வைக்காதே.

நான் திரும்பிப் போயிருப்பது சிம்பிள்நோட் என்ற குறிப்புச் செயலிக்கு. பழையது என்று சிரிப்பாய். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2013இல் வாங்கியது, இன்றும் இலவசம். அதில் எழுத்து மட்டும்தான் எழுத முடியும், படம் வைக்க முடியாது. உனக்கு அது குறை, எனக்கு அதுவே பாதுகாப்பு. எனக்குத் தேவையான பட்டன்களெல்லாம் பெயர் சொல்கின்றன. மருந்துக் குறிப்பை மேலே குத்தி வைத்துவிட்டால் யார் எதைத் திருத்தினாலும் அது மேலேயே நிற்கும். பழைய வடிவங்களையும் அது சேமித்து வைக்கிறது. வரலாறு என்ற இடத்துக்குப் போய், ஒலி கூட்டும் பட்டனை அழுத்தினாலே ஒவ்வொரு வடிவமாக நகரும். அந்த வசதி ஒன்றே போதும் எனக்கு. குறிப்பைப் பகிர வேண்டுமானால், உன் மின்னஞ்சல் முகவரியைக் குறிச்சொல்லாகச் சேர்த்தால் முடிந்தது.

ஒன்றை மட்டும் மறக்காதே. அதில் உள்ள எழுத்து, நம் இருவர் கைப்பேசி தவிர வேறு எங்குமே திறக்க முடியாதபடி பூட்டப்படுவதில்லை. வங்கி மறைச்சொல், அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு விவரம் இதையெல்லாம் அதில் எழுதாதே. நானும் எழுதுவதில்லை.

வீட்டுக் கணினியில் என்விடிஏ வைத்து அதே குறிப்புகளைத் திறக்கிறேன். அது இலவசத் திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கியது. கைப்பேசியில் திருத்தியது கணினியில் வந்துவிட்டதா என்று கேட்டுப் பார்ப்பதுதான் எனக்கு ஒத்திசைவு முடிந்ததற்கான அடையாளம். சுற்றும் மேகத்தைவிட அதை நம்புகிறேன்.

நீ எழுதும் முறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வரிக்கு வரி சிரிக்கும் முகமும் சரிக்குறியும் வைக்கிறாய். டாக்பேக் ஒவ்வொன்றின் முழுப் பெயரையும் விடாமல் வாசிக்கிறது. 'கொத்தமல்லி' என்ற ஒரு சொல்லைக் கேட்க நான் மூன்று படங்களின் ஜாதகத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. கப்பலின் பயண அட்டவணையைப் படம் பிடித்து அனுப்புவதும் அப்படித்தான். எனக்கு அது 'படம்', அவ்வளவே. தட்டச்சு செய்து அனுப்பு. ஒரே வரியில் ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்து எழுதாதே. ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டால் சில நேரம் வாயைத் திறப்பதே இல்லை. நான் டாக்பேக்கின் அமைப்புப் பட்டியலுக்குப் போய்க் குரலின் மொழியை மாற்றி, மறுபடி வரியின் தொடக்கத்துக்கு வர வேண்டியிருக்கிறது. முழு வரியும் தமிழாகவோ முழு வரியும் ஆங்கிலமாகவோ இருந்தால் தொல்லையில்லை.

நான் எப்படி எழுதுகிறேன் என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் பேசித்தான். 2017இல் கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் வந்தது; மொழிப் பட்டியலில் தமிழுக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் என்று ஒன்று இருப்பதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பேசியதை எழுத்தெழுத்தாகத் திரும்பக் கேட்டுத் திருத்துவதில்தான் நேரம் போகிறது. தோ பாயோ ரைசில் உள்ள பார்வையற்றோர் சங்கத்தில் எனக்குப் பழக்கமான ஒருவர், திரையிலேயே ஆறு புள்ளிகளைத் தட்டி ஆங்கிலத்தில் எழுதுகிறார். டாக்பேக்கிலேயே அந்தப் பிரெயில் விசைப்பலகை 2020இல் வந்துவிட்டது. வாயைத் திறக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்தபடி எழுதலாம். எனக்கும் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பீஷானில் வட்ட ரயில் பாதைக்கு மாறி கால்டிகாட்டில் இறங்கினால் சங்கம் பக்கம்தான், நானே போய்வருகிறேன்.

ரயிலில் ஒரு வேடிக்கை நடந்தது. திரையை மறைக்கும் வசதியைப் போட்டு, ஒரு காதில் மட்டும் செவிப்பொறி வைத்து, சாமான் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பள்ளிப் பையன் எழுந்து வந்து, "அங்கிள், உங்கள் போன் அணைந்துவிட்டது" என்றான். விளக்கிச் சொன்னேன். பீஷான் வரும்வரை அவன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று பக்கத்தில் இருந்த பெண்மணி சொன்னார்.

நீ செய்ய வேண்டியவை: அந்தப் புதிய செயலியில் நம் பெயரில் இருக்கும் கணக்கை முழுவதுமாக மூடிவிடு. அதற்கான பட்டனும் பெயரில்லாத கூட்டத்தில்தான் எங்கோ இருக்கிறது, என்னால் தேடிக்கொண்டிருக்க முடியாது. மூடுவதற்குமுன் அக்காவின் பிள்ளைகளின் தடுப்பூசித் தேதிகள் அதில் இருக்கின்றன, அவற்றை எழுத்தாக நகலெடுத்து சிம்பிள்நோட்டில் ஒட்டு. தீபாவளிப் பட்டியலைத் தொடங்கிவிட்டேன். அதில் நீ தாராளமாக எழுதலாம், அதனால் யாருக்கும் ரத்த அழுத்தம் ஏறாது. முறுக்குக்கு அரிசி மாவை வீட்டில் அரைப்பதா, தேக்காவில் வாங்குவதா என்று அம்மா உன்னைக் கேட்கச் சொன்னாள். கப்பல் சிங்கப்பூர் வரும்போது பாசிர் பாஞ்சாங்கா, துவாசா என்பதையும் நேரத்தையும் ஒரு வரியில் எழுது. அக்கா வண்டி எடுத்து வருவாள்.

அன்புடன்,
அப்பா