பீமனுக்குப் பெயர் எழுதுங்கள்: ஒரு திறந்த மடல்

பாலித் தீவின் ஓவியத் துணிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரின் கூடத்தில், கோயில் மண்டபக் கூரை விளிம்பைச் சுற்றித் திருவிழாவுக்குக் கட்டும் நீளமான துணி ஒன்றைப் பார்த்தேன். இரு பக்கமும் சுருட்டி, நடுப்பகுதியை மட்டும் காட்டியிருந்தீர்கள். கீழே குறிப்பு: ‘புராணக் காட்சி, பாலி. வரைந்தவர் தெரியவில்லை.’

புராணக் காட்சிதான், சரி. யார், எங்கே போகிறார்கள்? கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட இடுப்புத் துணி, உருண்டைக் கண், நீண்ட கட்டைவிரல் நகம். அங்கே நிழற்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பீமன் என்று சொல்லத் தேவையில்லை. கூடவே வரும் தொந்திக்காரன் அவனுடைய பணியாள் துவாலேன். பாண்டுவையும் மாத்ரியையும் மீட்க நரகத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். நாம் கேட்டு வளர்ந்த பாரதத்தில் இந்தக் கதை கிடையாது. எனக்கே சுவாரசியமாக இருக்கிறதே, குழந்தைகளுக்கு எப்படியிருக்கும்!

இந்த ஓவியங்களில் ஒரு காட்சியை அடுத்ததிலிருந்து பிரிப்பது கூர்கூரான பாறை வரிசைதான். துணியைச் சுருட்டினால் கதையும் சுருண்டுவிடும். முழு நீளத்துக்கும் இடமில்லையா? முழுப் படத்தையாவது பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம், அந்த ‘வரைந்தவர் தெரியவில்லை’. இந்தப் பாணித் துணிகள் பாலியில் குலுங்குங் நகருக்குப் பக்கத்துக் காமசான் கிராமத்துக்காரர்களின் கைவேலை. அங்கே துணிக்கு அரிசிமாவுக் கஞ்சி பூசி, வெயிலில் உலர்த்தி, சோழியால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். தலைமை ஓவியர் கோடு போடுவார், குடும்பத்தார் வண்ணம் தீட்டுவார்கள். ஒற்றைக் கையெழுத்தைத் தேடினால் கிடைக்காதுதான். ஊர் தெரியுமே, அதை எழுதலாமே.

மானிடவியலாளர் அந்தோனி ஃபோர்ஜ் 1970களில் காமசானில் தங்கி, ஓவியங்களோடு அவற்றின் கதைகளையும் ஓவியர்களிடமே கேட்டு எழுதி வைத்தார். அவருடைய தொகுப்பு சிட்னியில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முடியாத வேலை இல்லை.

பாலியில் துணி நைந்தால் புதிது வரைந்து கட்டிவிடுவார்கள். குலுங்குங்கின் பழைய நீதி மண்டபமான கெர்த்தா கோசாவின் கூரை ஓவியங்களையே 1930இலும் 1960இலும் புதிதாக வரைந்தார்கள். அதனால் பழைய துணிகளில் பல உங்களிடம்தான் பிழைத்திருக்கின்றன. அதற்கு நன்றி. ஆனால் கதை இன்னும் காமசானில்தான் இருக்கிறது. அங்கே இன்றும் வரைகிறார்கள். உங்களிடம் உள்ள துணிகளை நன்றாகப் படமெடுத்து அந்த ஓவியர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் சொல்வதை, அதற்குரிய கூலி கொடுத்து, குறிப்பில் அவர்கள் பெயரோடு போடுங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கி வரும் ஒரு பார்வையாளர்