ஸ்டர்ஜன் பயணத்துக்கு அக்டோபரிலேயே ஆயத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், உறைந்து கிடக்கும் வின்னபேகோ ஏரியில் ஸ்டர்ஜன் மீனை ஈட்டியால் குத்திப் பிடிப்பதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விடியலில் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் போதும் என்ற எண்ணத்தை அது தருகிறது. ஏரிக்கரை ஊர் ஒன்றில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில், அதைத் திருத்த வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை தொடங்கும் இந்தப் பருவத்துக்கான உரிமத்தை முந்தைய அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் வாங்கிவிட வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்ட நண்பர்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். உரிமம் பெற்ற ஒருவர் பனிக்கட்டியின் மேல் துளையிட்டு அமைத்திருக்கும் குடிலில் உடன் அமர்ந்து பாருங்கள், ஈட்டியை மட்டும் தொடாதீர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு வழி இல்லை.

பருவம் அதிகபட்சம் 16 நாட்கள்தான். பெண் ஸ்டர்ஜன் முதன்முறை முட்டையிடவே 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதால், பிடிக்கத்தக்க மீன்களுக்கு அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது எட்டப்பட்டால் பருவம் முன்கூட்டியே முடிந்துவிடும். ஆகவே, வெளியூரிலிருந்து ஒரே நாளுக்கு வருபவர்கள் முதல் வார இறுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஈட்டி எறியும் நேரம் காலை 7 முதல் பிற்பகல் 1 மணி வரை. 36 அங்குலத்துக்குக் குறைந்த மீனைக் கொல்லக் கூடாது. பிடித்த மீனை அன்றே 2 மணிக்குள் பதிவு நிலையத்தில் காட்ட வேண்டும் என்பதால், குடிலிலிருந்து கரைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டுரை அறவே தொடாமல் விட்டது பனிக்கட்டியின் தடிமன். நடந்து செல்வதற்கே தெளிந்த, புதிய பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் வேண்டும். வெண்மையாகத் தோன்றும் பனிக்கட்டிக்கு ஏறத்தாழ அதில் பாதி வலிமைதான். பிக்கப் வண்டியை இறக்க ஓர் அடிக்கு மேல் தேவை. உள்ளூர் மீன்பிடிச் சங்கத்தினர் விரிசல்களின் மேல் பாலம் போட்டு, பழைய கிறிஸ்துமஸ் மரங்களை வரிசையாக நட்டுப் பாதை காட்டுகிறார்கள். அந்தப் பாதையை விட்டு விலகாதீர்கள். 2024-இல் பனிக்கட்டி சரியாகப் பிடிக்காததால், வாகனத்தை ஏரியில் இறக்கத் துணியாமல் கரையிலேயே நின்றவர்களில் நானும் ஒருவன். பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தால் பற்றி ஏற உதவும் கூர்முனைக் கட்டைகள் கழுத்தில் தொங்க வேண்டும். குடிலுக்குள் ஹீட்டர் எரியும்போது காற்றுத் துவாரத்தை அடைத்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

இவ்வளவு சிரமமும் எதற்காக என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சன்னல் இல்லாத குடிலின் கதவைச் சாத்தியதும், சங்கிலி ரம்பத்தால் அறுத்த அந்தப் பெரிய சதுரத் துளை இளம்பச்சை ஒளியுடன் மின்னத் தொடங்கும். ஏரியின் அடித்தரையில் போட்டு வைத்த உருளைக்கிழங்குத் துண்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்; மீன் கடந்தால் அவை மறையும், அவ்வளவுதான் அடையாளம். மூன்று பருவங்கள் எதுவும் மறையாமலேயே வீடு திரும்பினேன். நான்காவது ஆண்டில் அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றாக மறைந்து, மீண்டும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆள் உயரத்துக்கு ஒரு மீன் அசைவே இல்லாததுபோல் நகர்ந்து போனதை, ஈட்டியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இந்த அனுபவத்தைத் தங்கள் வாசகர்களும் பெற வேண்டும் என்பதே என் விருப்பம். எனவே, அக்டோபர் 31 என்ற தேதியையும் பனிக்கட்டியின் தடிமன் பற்றிய விவரத்தையும் அடுத்த இணைப்பில் தனிக் கட்டமிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
விஸ்கான்சின்