அந்த ஆயிரம் டொலரைப் பற்றி

அன்புள்ள தம்பி,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கப் புளியம்பொக்கணை நாகதம்பிரானை வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார், உனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. மாகாண சபைத் தேர்தல் வைத்தால் எங்கள் பக்கம் நிற்கப்போகிற ஒருவருக்குக் கனடாவில் உங்கள் ஸ்காபரோவில் காசு சேர்க்கிறார்கள், ஆளுக்கு ஆயிரம் டொலர், கொடுக்கட்டா என்று கேட்டாய். கொடுக்காதே என்று ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாவிட்டால் அம்மாவுக்கு வாக்குப் போடுவதே வெறுத்துப்போச்சு என்று நீ நினைப்பாய். அதனால்தான் இருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் வாய்க்கால் கரையோடு திரும்புகிற இடம் உனக்கு நினைவிருக்கும். மதவு உடைந்து, மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நீ சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன இடம். ஒரு தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ரிப்பர் லொறி ஒன்று வந்து ஒழுங்கை முகப்பில் கிறவல் பறித்துவிட்டுப் போனது. கூட வந்த பொடியன் போனில் படம் எடுத்தான். அடுத்த நாள் வேட்பாளரே வந்தார். அப்பா கதிரை எடுத்துப் போட்டார், நான் தேத்தண்ணி கொடுத்தேன். "அம்மா, இது தொடக்கம்தான், தை பிறக்க மதவு கட்டியாச்சு என்று வையுங்கோ" என்றார். நான் நம்பினேன், தம்பி. அவருக்குத்தான் புள்ளடி போட்டேன்.

தை மூன்று தரம் வந்துபோய்விட்டது. மழை அந்தக் கிறவலில் பாதியைக் கரைத்து வாய்க்காலுக்குள் கொண்டுபோனதால், முன்பைவிட இப்போது கூடத் தண்ணீர் நிற்கிறது. மிச்சக் கும்பியில் புல் முளைத்து, பக்கத்து வளவு ஆட்டுக்குட்டி ஏறி நின்று மேய்கிறது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் நான் சைக்கிளை விட்டிறங்கி, அதைச் சுற்றி உருட்டிக்கொண்டு போகிறேன்.

அந்த ரிப்பர் யாருடையது என்று அப்பா பிறகு விசாரித்தார். ஆற்று மணல் ஏற்றுகிற ஒரு முதலாளியுடையதாம். தேர்தல் மாதம் முழுக்கக் கூலி வாங்காமல் ஓடியிருக்கிறது. இப்போது அதே ரிப்பர் இரவிரவாக மணலோடு போகிற சத்தம் எங்களுக்குப் படுக்கையில் கேட்கிறது. ஆறு கிண்டுப்பட்டுக் கிணறு வத்துகிறது என்று மாதர் சங்கத்தில் இருந்து நாங்கள் பதினாலு பேர் அந்த வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போனோம். ஒரு மணித்தியாலம் வாங்கில் இருந்தோம். எங்களுக்குப் பிறகு வந்த அந்த முதலாளி எங்களுக்கு முதலே உள்ளே போனார். எனக்கு விளங்கிவிட்டது. மதவு, எங்களுக்குத் தந்து மறந்துபோன வாக்கு. மணல், அந்த முதலாளிக்குத் தந்து மறக்காத வாக்கு.

மதுபானக் கதையும் உனக்குத் தெரிய வேண்டும். 2024இல் மட்டும் நாடு முழுக்க 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுத்ததாக அந்த வருட டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியல் வைத்தார்கள். வடக்கு மாகாணத்துக்கு 32. அதில் 16 எங்கள் கிளிநொச்சிக்கு. வடக்கின் மற்ற மாவட்டங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு எங்கள் சின்ன மாவட்டத்துக்கு மட்டும். சிபாரிசுக் கடிதம் கொடுத்ததாக வடக்கின் முன்னாள் முதலமைச்சரே ஒத்துக்கொண்டார். மற்றவை யார் யாருடைய கடிதத்தில் கிடைத்தன என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்து கூரைத் தகரம் இல்லாமல் இருந்த சனம் நாங்கள். எங்கள் வாக்கோடு போனவர்களிடம் சாராயக்கடை கேட்டது யார்? நெல்லு விற்ற காசு வீடு வந்து சேர முதல் சந்தியிலேயே கரைகிறது. பக்கத்து வளவுப் பிள்ளை அறுவடை முடிந்த கிழமை என்னிடம் அரைக் கொத்து அரிசி கடன் கேட்டு வந்தாள். சொந்த வயல் இருக்கிறவள், தம்பி.

பெரிய இடத்திலும் இதே கதைதான். பூநகரியிலும் மன்னாரிலும் காற்றாலை போட அதானி நிறுவனத்துக்குப் போட்டிக் கேள்விப்பத்திரம் இல்லாமலே கொடுத்தார்கள். மின்சாரம் ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு, என்று 2024 மேயில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. இடையில் வாக்குக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இனி உன் ஆயிரம் டொலர். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. தேர்தலில் நிற்கிறவர் எவ்வளவு செலவழிக்கலாம் என்று அதில் உச்சவரம்பு வைக்கிறார்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய். அப்பா, நான், தங்கச்சி, அம்மம்மா, எங்கள் வீட்டு நாலு வாக்குக்கும் 436 ரூபாய். நாடு முழுக்கக் கூட்டினால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடிக்கு மேல் வருகிறது. எங்களைப்போல வயல் செய்கிறவன் அவ்வளவு காசைக் கனவிலும் காணமாட்டான். யாரோ கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்தவன் பிறகு கேட்கத்தான் செய்வான். அதே சட்டத்தில், முடிவு வந்து 21 நாளுக்குள் யாரிடம் என்ன வாங்கினோம், எதற்குச் செலவழித்தோம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

நீ நல்ல மனதோடுதான் கொடுப்பாய், எனக்குத் தெரியும். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு உனக்கு இருக்கிறது. ஆனால் உன் காசு கணக்கில்லாத பெட்டிக்குள் போனால், அதுவும் ரிப்பர்க்காரனின் காசும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்புறம் வென்றவர் உங்கள் ஸ்காபரோ மண்டபத்துக்கு வந்து பொன்னாடை போடுவார், நான் இங்கே வாங்கிலேயே இருப்பேன்.

"அப்ப ஏன் அம்மா இன்னும் வாக்குப் போடுறியள்" என்று கேட்டாய். அது எனக்குக் கொஞ்சம் நொந்தது. உன் பெரியம்மா 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் நடத்துகிற போராட்டத்தில் இருக்கிறாள். அந்த வருடம் ஜூனில் ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சொந்தக்காரரைச் சந்தித்து, யுத்த முடிவில் படையினரிடம் சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடச் சொல்கிறேன் என்றார். பட்டியல் வரவில்லை. பெரியம்மா மகனின் படத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருக்கிறாள், வெயிலில் உறை மஞ்சளாகிவிட்டது. அவளும் ஒவ்வொரு தேர்தலுக்கும் காலமையே வரிசையில் நிற்கிறாள். அவளே நிற்கும்போது நான் எப்படி வீட்டில் இருப்பேன்? வடக்கு மாகாண சபைக்கு 2013இல் வாக்குப் போட்டோம். 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சபைக்கு வாக்குப் போடவே எங்களை விடவில்லை. கையில் இல்லாமல் போன பிறகுதான் அந்தப் புள்ளடியின் அருமை தெரிகிறது.

சரி, நீ செய்ய வேண்டியது இதுதான். காசு சேர்க்கிறவரிடம் போய், பற்றுச்சீட்டு தருவாரா என்று கேள். இதுவரை யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் காட்டுவாரா என்று கேள். வேட்பாளர் தன் கணக்கில் உன் பெயரையும் தொகையையும் எழுதுவாரா என்று கேள். மணல், சாராயம் விற்கிறவர்களிடம் காசு வாங்கமாட்டேன் என்று அவர் கையெழுத்திட்டுத் தரச் சம்மதித்தால், நீ கொடு, நான் மறுக்கமாட்டேன். அந்தக் கடிதத்தின் படத்தை மட்டும் தங்கச்சியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடு. மாதர் சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. காலபோகத்துக்கு விதைக்க இருக்கிறார். அந்த ஆள் என்ன பதில் சொன்னார் என்று வாற ஞாயிறு எடுக்கும்போது மறக்காமல் சொல்லு.

அன்புடன்,
அம்மா