தெருமுனை வரை கேட்க வேண்டாம்

ஏற்காடு,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்தனுப்பிய ஃப்ளூகல்ஹார்ன், பார்க்க டிரம்பெட் மாதிரியே இருக்கிற இந்த வாத்தியம், பத்திரமாக வந்து சேர்ந்தது. நம் சேலத்து வீட்டில் லாரிச் சத்தத்துக்கு நடுவே இதன் குரல் காதில் விழாது என்று அத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் அம்மாவும் வந்திருக்கிறாள். பத்து நாளாக, மூடுபனி விலகுவதற்குள் திண்ணையில் உட்கார்ந்து ஊதுகிறேன்.

முதல் நாள் சுருதி இறங்கியே நின்றது. இந்தக் குளிரில் இறங்கத்தான் செய்யும். டிரம்பெட் என்றால் வளைவில் இருக்கும் ஸ்லைடை, அதாவது சுருதி சேர்க்க நகர்த்துகிற குழாய்த் துண்டை, உள்ளே தள்ளியிருப்பேன். இதில் அதைக் காணோம். மவுத்பீஸ் செருகுகிற குழாயையே, திருகைத் தளர்த்தி நகர்த்த வேண்டியிருக்கிறது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. டிரம்பெட் குழாய் பெரும்பாலும் ஒரே அகலத்தில் ஓடி, கடைசியில்தான் விரியும். இது வால்வைத் தாண்டியதுமே விரியத் தொடங்கி வாய் வரைக்கும் விரிந்துகொண்டே போகிறது. அப்படிப்பட்ட குழாயில் ஸ்லைடை எங்கே வைப்பது? இரண்டுக்கும் சுருதி பி ஃப்ளாட், நீளமும் ஏறக்குறைய ஒன்று, அதே மூன்று வால்வு. ஆனால் குரல் வேறு.

நாதஸ்வரமும் விரிகிற குழல்தானே, அது ஊரையே எழுப்புகிறதே என்று யோசித்தேன். அங்கே சீவாளி பேசுகிறது. இங்கே உதடுதான் சீவாளி. மவுத்பீஸும் டிரம்பெட்டைவிட ஆழம், புனல் மாதிரி. அதனால் சத்தத்தின் கூர் மழுங்கி, உருண்டையாக வெளியே வருகிறது. மேல் ஸ்தாயிக்குப் போனால் பிடி நழுவுகிறது. ஆனால் நடு ஸ்தாயியில் மெதுவாக ஒரு ஸ்வரத்தை நிறுத்திப் பார்த்தேன் தம்பி, நெஞ்சுக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

நீ சொன்ன ஜாஸ் பதிவுகளை ராத்திரியில் கேட்கிறேன். 1977இல் சக் மான்ஜியோனி போட்ட ஆல்பம்தான் இந்த வாத்தியத்தை ஜாஸ் கேட்காதவர்களிடமும் கொண்டுபோனது என்றாய். நன்றாகத்தான் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஆர்ட் ஃபார்மரை. அறுபதுகளின் தொடக்கத்தில் டிரம்பெட்டை ஒதுக்கிவிட்டு இதற்கு மாறியவர். ஜிம் ஹாலின் கிதாரோடு ஊதும்போது, கிதாரின் சின்னத் தந்தி அசைவுகூட அமுங்கவில்லை. அப்புறம் மைல்ஸ் டேவிஸ், 1957இல் இசைக் கோப்பாளர் கில் எவன்ஸோடு செய்த ‘மைல்ஸ் அஹெட்’ ஆல்பம். அதிலும் இதே வாத்தியம்தான். சுற்றிலும் பத்தொன்பது பேர். அவர்களை மீறி ஊத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் குரலுக்கு அவர்கள் இடம் விடுகிறார்கள். நம் பேண்டு செட்டில் பன்னிரண்டு பேர்தான். முப்பது வருஷமும் அவர்களை மீறித்தான் ஊதினேன்.

கிளார்க் டெர்ரி என்று இன்னொரு ஜாஸ் கலைஞர், ஒரு கையில் டிரம்பெட்டும் மறு கையில் ஃப்ளூகல்ஹார்னும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஊதுவாராம். தன்னோடு தானே பேசிக்கொள்கிற மாதிரி. டேவிஸ் இளம் பையனாக இருந்தபோது அவருக்கு வழிகாட்டியவரும் டெர்ரிதான் என்று படித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மாப்பிள்ளை அழைப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பதினொரு வயது. மெதுவாக ஊதினாய். எல்லோருக்கும் முன்னால் உன் கையிலிருந்து டிரம்பெட்டைப் பிடுங்கி, “தெருமுனை வரைக்கும் கேட்கணும், இல்லைன்னா வீட்டில் இரு” என்றேன். ஜெனரேட்டர் சத்தம், வெடிச் சத்தம், சைடு டிரம். அந்தத் தெருவுக்கு உரக்கத்தான் ஊத வேண்டும், தொழில் அப்படி. ஆனால் உன்னிடம் அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வருஷமே நீ விட்டுவிட்டாய். படிப்புக்காக விட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ராத்திரியில் பின்கட்டில் துண்டைச் சுருட்டி டிரம்பெட் வாயில் செருகி ஊதுவாயே, பக்கத்து வீட்டுக்குப் பயந்து என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது இதை ஊதும்போது அந்தச் சத்தம் காதுக்குள் வருகிறது. நீ தேடியது இதைத்தான் தம்பி. பெயர் தெரியாமல் தேடியிருக்கிறாய். உன் அப்பன் அதைத் தப்பு என்று சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு.

நேற்று காபிப் பழம் பறிக்கிற பெண்கள் வேலியோரம் நின்றார்கள். நான் ஊதிக்கொண்டிருக்கும்போதே அவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். டிரம்பெட் ஊதினால் பேச்சு நின்றுவிடும். இது அவர்கள் பேச்சோடு சேர்ந்து போனது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, நேராக மலைக்கே வந்துவிடு. உன் பழைய டிரம்பெட்டைப் பரணிலிருந்து இறக்கி, வால்வுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். உதடு பழக்கம் விட்டுப்போயிருக்கும், ஒரு வாரத்தில் வந்துவிடும். டிரம்பெட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். இதை நீ ஊது. துண்டெல்லாம் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா