அம்மிக்கல் பின்னல்

அக்கா,

பவானி கூடுதுறையில் அம்மாவுக்குத் திதி கொடுத்துவிட்டு மதியம்தான் திரும்பினேன். நீ வரவில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேர் இதைப் படிப்பார்கள், அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோத்தகிரிக்கு ஒரு பார்சல் வரும். சாம்பல் நிறக் கம்பளியில் கவுல். முனையில்லாத மஃப்ளர் என்று வைத்துக்கொள். நானே கையால் பின்னியது. சிரிக்காதே. பகலெல்லாம் பனியன் துணி பின்னும் 24 கேஜ் மெஷினில் இஞ்சுக்கு 24 ஊசி ஓடுவதைப் பார்க்கிறவன், ராத்திரியில் இஞ்சுக்கு நாலரைக் கண்ணி போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தத் துணியும் குழாயாகத்தான் இறங்கும், இதுவும் குழாய்தான்.

அம்மி கொத்துகிறவர் வந்த அன்றைக்கு நீ ஏழாவது, நான் ரெண்டாவது. கல்லுப்பொடி கண்ணில் தெறிக்கும், எட்டிப் போங்க என்றாள் அம்மா. அவர் உளியைப் பையில் போட்டதுமே நீ என் கையை இழுத்து அம்மிமேல் வைத்தாய். "கண்ண மூடு. எதாட்ட இருக்குது?"

"பலாப்பழமாட்ட."

"இல்லடா. புழுதியில தூத்தல் விழுந்தாட்ட."

அப்புறம், தவிடு அரைத்துக் கொட்டுவதற்கு முன்னாலேயே தேங்காயை வைத்து அரைத்தது நான். துவையல் நறநறவென்றது. அப்பாவிடம் அடி வாங்கியது நீ.

அந்தத் தூத்தலைத்தான் பின்னியிருக்கிறேன். 121 கண்ணி. ஒரு நிட், அதாவது நேர்க்கண்ணி; ஒரு பர்ல், அதாவது அதையே புரட்டிப் போட்ட கண்ணி. ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் தானாகவே இடம் மாறி, நிட் மேல் பர்ல் விழும், பர்ல் மேல் நிட் விழும். கொத்தின கல்லைப் போலப் பொரிப்பொரியாக நிற்கும். சிங்கிள் ஜெர்சி பனியன் துணி மாதிரி ஓரம் சுருளாது.

மேல் பாதி எங்கள் தெரு ஷட்டர். மூன்று சுற்று நிட், மூன்று சுற்று பர்ல். பர்ல் வரிகள் புடைத்துக்கொள்ளும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு இறங்கிக் கிடந்தவை அந்த ஷட்டர்கள். அந்த மாதங்களில் நீ எனக்குச் செய்ததை இங்கே எழுதமாட்டேன். மச்சான் படிப்பார்.

வீட்டை விற்றபோது கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: அம்மியை எடுத்து வை. எடுக்கவில்லை அக்கா. வாடகை வீடு, மூன்றாவது மாடி, தூக்க நாலு ஆள் வேண்டும். ஜேசிபி வந்த அன்று எனக்கு நைட் ஷிப்ட். விடிந்து போனபோது குழியில் செங்கலும் மண்ணும்தான். மன்னித்துக்கொள். ஆனால் ஒன்று. அம்மியைக் கேட்ட நீ, படுக்கையில் கிடந்த அம்மாவைக் கேட்டு எத்தனை தடவை போன் பண்ணினாய்? மூத்திரப் பையை மாற்றியது யார்?

சரி, விடு. உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும், காது வரைக்கும் இழுத்து மூடிக்கொள். வெந்நீரில் போட்டுவிடாதே, சுருங்கிக் கட்டியாகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்திவிட்டுப் படுக்கவைத்துக் காயப்போடு.

ஒரே ஒரு கண்ணி தப்பு. நிட் மேலேயே நிட் விழுந்திருக்கிறது. கம்பெனியில் என்றால் செகண்ட்ஸில் தள்ளியிருப்பார்கள். பிரிக்க மனசு வரவில்லை. எங்கே என்று சொல்லமாட்டேன்.